தேசிக்காய் மணந்த உரல்

இடியப்ப உரலுக்குள் தேசிக்காய் மணத்தது. மேரியம்மா முதலில் தன் மூக்கைத்தான் சந்தேகப்பட்டாள். பிறகு உரலை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், முகத்தை அதற்குள் விடாத குறையாக மோந்து பார்த்தாள். மூக்கில் பிழையில்லை. தேசிக்காயின் எலுமிச்சைப் புளிப்போடு முட்டை மணமும் சீஸ் மணமும் சேர்ந்து வந்தன. எல்லாவற்றுக்கும் அடியில், எங்கேயோ அறிந்த ஒரு மருந்து மணமும் கிடந்தது.

மணம் மட்டுமென்றால் போகட்டும் என்று விட்டிருப்பாள். உரலில் கிடந்தது இடியப்பத் தட்டே இல்லை. முறுக்குச் சுடுகிற, கண் பெருத்த தட்டு. கிறிஸ்மஸுக்குச் சுட்ட நத்தார்ப் பலகாரம் முடிந்ததும் அதைக் கழுவித் துடைத்து, கடதாசியில் சுற்றி லாச்சிக்குள் வைத்தவள் அவள்தான். இப்போது அதன் கண்களுக்குள் மஞ்சளாக என்னவோ காய்ந்துபோய் ஒட்டிக்கொண்டிருந்தது. ஊசியால் கிண்டி எடுத்து விரலில் வைத்துத் தேய்த்தாள். அரிசிமாவும் இல்லை, கடலைமாவும் இல்லை.

ஒஸ்லோவின் ஓரத்தில், எல்லிங்ஸ்ருட்டில், அந்த வீட்டில் இருந்தது இரண்டே பேர். மகன் தனுஷன் திரொண்ட்ஹைமில் படிக்கிறான், ஈஸ்டர் விடுமுறைக்குத்தான் வருவான். உரலைத் தொட்டது அவள் இல்லையென்றால் அவள் புருசன் கிளெமென்றாகத்தான் இருக்கவேண்டும். கிளெமென்றோ வீட்டில் சட்டி தொடுகிற ஆள் இல்லை. ஒஸ்லோ நகரத்துக்குள் ஒரு இத்தாலியச் சாப்பாட்டுக் கடையில் அவன்தான் பெரிய குசினிக்காரன். ஊர் உலகத்துக்கெல்லாம் ஆக்கிப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், ஒரு பிளேன் டீ கூட அவள் கையால்தான் வரவேண்டும். அப்படிப்பட்ட மனுசன் பெண்சாதிக்குத் தெரியாமல் உரலை எடுத்து என்னத்தைப் பிழிந்தான்? யாருக்குப் பிழிந்தான்?

மேரியம்மாவுக்குச் சந்தேகம் வந்தால் தனியாக வராது. பழையதுகளையும் கூட்டிக்கொண்டுதான் வரும். அன்றைக்கும் அப்படித்தான். உரலைக் கழுவாமல் மேசையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள்.

திங்கட்கிழமை கடை பூட்டு. முந்தியெல்லாம் திங்கள் என்றால் மனுசன் மத்தியானம் வரைக்கும் குறட்டை விடுவான். இப்போது சில கிழமையாக, காலையில் முகம் வழித்து, ஒரு பையையும் தூக்கிக்கொண்டு "ஒரு அலுவல்" என்று போகிறான். அவனுக்கு என்ன அலுவல்? பேக்கரிப் பாண் பழசானால் எறிய விடுகிறானில்லை. ஹீற்றருக்கு மேலே காயவைத்து, தூளாக இடித்துப் பொட்டலம் கட்டி அதையும் கொண்டுபோகிறான். கேட்டால், "கடைக்கு" என்கிறான். பூட்டிக்கிடக்கிற கடைக்குப் பாண்தூள் என்னத்துக்கு?

எல்லாவற்றையும் விடப் பெரிய விசயம் ஒன்று இருந்தது. மனுசன் சாப்பாட்டைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டான்.

வெளியே இருக்கிறவர்களுக்கு இது நல்ல காரியமாகத் தெரியும். மேரியம்மாவுக்கல்லவா தெரியும்! கட்டின நாள் முதல் அவன் குறை சொல்லாமல் ஒரு கவளம் விழுங்கியதில்லை. பருப்புக்கு உள்ளி காணாது, சொதிக்குப் புளி கூட, மீனுக்கு உப்புப் பிடிக்கவில்லை என்று ஒவ்வொரு நாளும் ஏதாவது இருக்கும். அவளும் சும்மா விடமாட்டாள், "அப்ப உங்கடை இத்தாலிக்காரியிட்டைப் போய்த் தின்னுங்கோ" என்பாள். இந்தச் சண்டை இல்லாமல் அவர்களுக்குச் சோறு இறங்கினதில்லை. தை மாதத்துக்குப் பிறகு அது ஒன்றும் இல்லை. எதைப் போட்டாலும் குனிந்த தலை நிமிராமல் தின்றான். "நல்லாயிருக்கு" என்றான். நல்லாயிருக்காம்!

கீழ்மாடியில் இருந்த வசந்தமலர் வந்தபோது உரல் இன்னும் மேசையில்தான் இருந்தது. வசந்தமலரின் புருசன் குலசேகரமும் அதே கடையில் வேலை, கிளெமென்றுக்கு அடுத்த ஆள். அதனால் அந்தக் குசினியில் நடப்பது பாதி இவளிடமும் பாதி அவளிடமும் இருக்கும். இருவரும் சேர்ந்தால் முழுதும் வந்துவிடும்.

வசந்தமலர் உரலை மோந்தாள். கண்ணை மூடி இன்னொருக்கால் மோந்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"மேரியக்கா, இது சாதிக்காய்."

"சாதிக்காயோ? அது குழந்தைப்பிள்ளையளுக்கு உரைச்சுக் குடுக்கிறதல்லோ?"

"குழந்தைப்பிள்ளையளுக்கு மட்டுமோ?" என்று வசந்தமலர் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஊரிலை வைத்தியம் பாக்கிற பரியாரிமார் வயசு போன ஆம்பிளையளுக்கு என்னத்துக்குக் குடுக்கிறவை? உங்களுக்குத் தெரியாதாக்கும்."

மேரியம்மாவுக்குக் காது இரண்டும் சுட்டது. "சீ, உமக்கு வாயிலை வாறதெல்லாம் கதை" என்று அதட்டினாள். அதட்டினாளே தவிர, நெஞ்சுக்குள் போனது போனதுதான்.

"நான் சொல்லுறன் எண்டு குறை நினைக்காதேங்கோ அக்கா. வீட்டுச் சாப்பாட்டைக் குறை சொல்லாத ஆம்பிளைக்கு வெளியிலை எங்கையோ இலை போட்டுக் கிடக்கு. ஒருக்காச் சோதிச்சுப் பாருங்கோவன்."

அன்றைக்கே சோதித்தாள். தவக்காலம், வீட்டில் மீன் இறைச்சி என்று மச்சம் ஒன்றும் இல்லை. கத்தரிக்காய்க் குழம்பு வைத்தாள், புடலங்காய் வறுத்தாள், ஒன்றிலும் ஒரு கல் உப்புப் போடவில்லை. அவளே நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பினாள். அப்படி ஒரு கறியை நாய்க்கும் வைக்கமாட்டார்கள்.

கிளெமென்ற் சாப்பிட வந்து இருந்தான். பிசைந்தான். தின்றான். மேரியம்மா எதிரே நின்று அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பிடி?"

"நல்லாயிருக்கு."

"குழம்பு?"

"குழம்பு இண்டைக்கு விசேசம். இன்னும் கொஞ்சம் விடும்."

அகப்பையை அவன் சோற்றுக் கோப்பைக்குள் போட்டுவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள். இருபத்திரண்டு வருடம் உப்புக்கும் புளிக்கும் சண்டை பிடித்த மனுசன், உப்பே இல்லாத குழம்பை விசேசம் என்கிறான்! குற்றமில்லாதவன் இப்படிப் புகழமாட்டான். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே போகாமல் அழுதாள். இந்த வயதில், இந்தக் குளிரில், தன் மனுசன் தன்னை விட்டுப் போகப்போகிறான் என்று அவளுக்கு நிச்சயமாகிவிட்டது. விடிந்ததும் கீழே இறங்கி, வசந்தமலரிடம் ஒன்று விடாமல் சொன்னாள்.

அடுத்த திங்கட்கிழமை தான் வேலை செய்கிற பாலர் பள்ளியான பார்னஹாகேக்குப் போன் பண்ணி, சுகமில்லை, பிள்ளைகளைப் பார்க்க வரமாட்டேன் என்று சொன்னாள். அதொன்றும் பொய்யில்லை. கிளெமென்ற் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். பையின் உருண்டையைப் பார்த்தவுடனேயே தெரிந்தது, உள்ளே இருப்பது உரல். மேரியம்மா மப்ளரால் தலையைச் சுற்றி மூடிக்கொண்டு பின்னால் போனாள்.

சுரங்க ரயிலில் அவன் முன் பெட்டி, அவள் பின் பெட்டி. நகரத்து நிலையத்தில் இறங்கி, திராமன் போகிற பெரிய ரயிலில் ஏறினான். அவளும் ஏறினாள். திராமன் ஒஸ்லோவுக்கு அடுத்த பட்டினம். திராமனில் யார் இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். யூலியா இருக்கிறாள்.

யூலியா கோயிலில் பாட்டுக்குழுவில் முன்வரிசையில் நின்று பாடுகிறவள். ஊரில் தீவுப்பகுதி ஆட்களின் பிள்ளை, ஆனால் வளர்ந்தது இத்தாலியில். எட்வேட்டைக் கட்டி நோர்வேக்கு வந்தவள். எட்வேட் ஹம்மர்பெஸ்டில், காஸ் எடுக்கிற இடத்தில் வேலை. போனால் கிழமைக்கணக்கில் வரமாட்டான். புருசன் வடக்கே பனிக்குள், பெண்சாதி இங்கே தனிய, நடுவில் உரலோடு என் மனுசன் என்று மேரியம்மா கணக்குக் கூட்டி முடித்தபோது ரயில் நீளமான சுரங்கத்துக்குள் போயிருந்தது. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். யூலியாவுக்கு முப்பது கூட இருக்காது. யேசுவே, என்னை ஏன் இந்த ரயிலில் ஏற்றினாய் என்று வாய்விட்டே சொன்னாள். பக்கத்தில் இருந்த நோர்வேக்காரர் திரும்பிப் பார்த்தார்.

ஆற்றுப் பாலம் தாண்டி, ஒரு மஞ்சள் மாடிவீட்டுக்குள் கிளெமென்ற் போனான். அவள் எதிர்ப்பக்கம் பஸ் தரிப்பில் நின்றாள். என்ன செய்கிறார்களோ செய்யட்டும், கையும் களவுமாகப் பிடிக்கவேண்டும். கால் விறைக்கும் மட்டும் நின்றுவிட்டு ஏறிப்போய் மணியை அடித்தாள்.

யூலியாதான் திறந்தாள். மேற்சட்டைக்கு முன்னால் ஏப்ரன், கை முழுக்க மா. "மேரியக்கா!" என்றாள். அவளைத் தள்ளிக்கொண்டு மேரியம்மா உள்ளே போனாள்.

அடுப்பில் பெரிய சட்டியில் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. மேசையில் மஞ்சள் நிறத்தில் மாவுருண்டை. அதற்குப் பக்கத்தில் அவளுடைய உரல். கிளெமென்ற் கையில் ஒரு சின்னத் தராசோடு நின்றான். தொட்டிலில் ஒரு குழந்தை உறங்கியது. ஒருவரும் ஒருவரையும் தொட்டுக்கொண்டு நிற்கவில்லை. அது அவளுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"என்ரை உரலாலை இவளுக்கு என்ன பிழிஞ்சு குடுக்கிறியள்?"

"மேரி..."

"வீட்டிலை ஒரு தேத்தண்ணி போடத் தெரியாது. இஞ்சை ஆக்கிப் படைக்கிறியள்! சாதிக்காய் வேறை! வெக்கமில்லையோ?"

"சாதிக்காயோ?" என்று யூலியா திகைத்தாள். "அக்கா, அது பஸ்ஸாத்தெல்லிக்குப் போடுறது."

"என்ன தெல்லி?"

"இத்தாலிச் சாப்பாடு அக்கா. காய்ஞ்ச பாண்தூள், சீஸ், முட்டை, சாதிக்காய், தேசிக்காய்த் தோல் எல்லாம் போட்டுக் குழைச்சு, கொதிக்கிற சூப்புக்கு மேலை பிடிச்சுப் பிழியிறது. நாங்கள் இருந்த பக்கம் நத்தாருக்கும் ஈஸ்டருக்கும் இதில்லாமல் மேசை இல்லை. பிழியிறதுக்கு அவையளிட்டை ஒரு கண்ணுள்ள இரும்பு இருக்கு. என்னட்டை அது இல்லை, அதுதான் அண்ணை உங்கடை உரலை..."

"ஈஸ்டருக்குச் சமைக்கிறதை ஏன் ஒளிச்சுச் சமைக்கவேணும்?"

யூலியா கிளெமென்றைப் பார்த்தாள். அவன் தராசை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தான்.

"மேரி, எனக்கு மணம் தெரியேல்லை. ருசியும் தெரியேல்லை."

"என்ன?"

"தை மாசம் ஐஸிலை வழுக்கி விழுந்தனானல்லே. பிடரி அடிபட, நீர்தானே எண்ணெய் பூசி விட்டனீர். அண்டையோடை போச்சு. உப்பு, புளி, உறைப்பு ஒண்டும் இல்லை. வாய்க்குள்ளை பஞ்சை வைச்சுச் சப்புற மாதிரிக் கிடக்கு. டொக்டர் சொல்லுறார், திரும்பி வந்தாலும் வரும், வராமல் விட்டாலும் விடும் எண்டு."

மேரியம்மா மப்ளரைக் கழற்ற மறந்து நின்றாள். விழுந்த அன்றைக்கு எண்ணெய் பூசிக்கொண்டே அவனைப் பார்த்துச் சிரித்தவள் அவள். அந்தக் கத்தரிக்காய்க் குழம்பு நினைவுக்கு வந்தது. "இன்னும் கொஞ்சம் விடும்" என்று அவன் கோப்பையை நீட்டினதும் வந்தது.

"நாக்கில்லாத குசினிக்காரனை ஆர் வைச்சிருப்பான்?" என்றான் கிளெமென்ற். "போன மாசமே ரெண்டு கோப்பைச் சாப்பாடு உப்புக் கூட எண்டு திரும்பி வந்தது. ஈஸ்டருக்கு முதலாளியின்ரை தாய் இத்தாலியிலை இருந்து வாறா. பஸ்ஸாத்தெல்லி வைக்கவேணும், அது பிழைச்சால் பிறகு அடுப்படி குலசேகரத்துக்குத்தான் எண்டு முதலாளி சொல்லிப்போட்டார். எல்லாத்தையும் நிறுத்து அளந்து பழகுவம் எண்டு பாத்தன். யூலியா ருசி பாத்துச் சொல்லுவாள். ஆனால் சீஸின்ரை உப்பு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி. தராசு அதைச் சொல்லுதில்லை."

"அதை என்னட்டைச் சொல்லியிருக்கலாமே! ருசி பாக்க எனக்கு நாக்கில்லையே?" கத்தவேண்டும் என்றுதான் தொடங்கினாள், பாதியில் குரல் உடைந்தது.

கிளெமென்ற் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "தவக்காலம், நீர் இறைச்சிச் சூப்புத் தொடமாட்டீர். அதுவும் இல்லை, மேரி. உமக்குச் சொன்னா மலருக்குச் சொன்ன மாதிரி. மலருக்குச் சொன்னா குலசேகரத்துக்குச் சொன்ன மாதிரி."

மேரியம்மா அப்போதுதான் மப்ளரைக் கழற்றினாள். உப்பில்லாத குழம்பின் கதை ஏற்கெனவே கீழ்மாடிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதைச் சுமந்துகொண்டு போனது அவளே.

கைப்பைக்குள் போன் அடித்தது. வசந்தமலர்.

"மேரியக்கா, குறை நினைக்காதேங்கோ. நீங்கள் சொன்ன உப்புக் கதையை இவருக்குப் பகிடியாச் சொன்னனான். இவர் சிரிக்கேல்லை அக்கா. 'கிளெமென்ற் அண்ணைக்கு நாக்குச் செத்துப்போச்சோ? அதுதான் சாப்பாடு திரும்பி வந்ததோ?' எண்டு கேக்கிறார். நாளைக்கு முதலாளியோடை கதைக்கப்போறாராம். அப்பிடி ஏதும் இருக்கோ அக்கா?"

வசந்தமலரின் குரல் போனுக்கு வெளியேயும் கேட்கிற குரல். கிளெமென்றின் முகத்தில் இரத்தம் இல்லை. மேரியம்மா அவனைப் பார்த்தாள். இந்த மனுசனை ஒருத்தி கொண்டுபோய்விடுவாள் என்று இவ்வளவு நாளும் பயந்தாள். இப்போது பார்த்தால், கொண்டுபோகப்போவது அவளுடைய சொந்த வாய்தான்.

"நாக்குச் செத்துப்போச்சோ!" என்றாள் போனில். "நல்லாத்தான் கேட்டார் உம்மடை மனுசன். மலர், நீர் அண்டைக்குச் சொன்னது சரி. ஒருத்தி இருக்கிறாள்."

கிளெமென்ற் எழுந்து நின்றுவிட்டான். அவள் கையைக் காட்டி அவனை இருத்தினாள்.

"ஐயோ அக்கா! ஆர்?"

"ஒரு வெள்ளைச்சி. பேர் தெரியாது, நெட்டையா ஒருத்தி. பின்னாலை போய் என்ரை ரெண்டு கண்ணாலையும் கண்டனான். உப்பில்லாத கறியை விசேசம் எண்டு திண்டது பின்னை என்னத்துக்கு? செய்த குற்றத்துக்கு." அந்த இடத்தில் அவளுக்கு அழுகை வந்தது. அதை நடிக்க வேண்டியிருக்கவில்லை. "கடையிலை உப்புப் பிழைச்சதும் அவளை நினைச்சுக்கொண்டுதான். மனம் ஓரிடம், கை ஓரிடம்."

"நான் அண்டைக்கே சொன்னனான்!" என்ற வசந்தமலர், போனை விலக்கி உள்பக்கம் கத்தினாள். "இஞ்சாருங்கோ, நாக்குமில்லை ஒண்டுமில்லை. பொம்பிளையாம்!" தூரத்தில் குலசேகரம் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது.

"மலர், இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேயும்," என்று மேரியம்மா கெஞ்சினாள். அப்படிக் கெஞ்சினால்தான் அது பொழுதுபடுவதற்குள் ஊர் முழுக்கப் போகும் என்று அவளுக்குத் தெரியும்.

போனை வைத்தாள். யூலியா ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குழந்தையைத் தூக்கப் போனாள். கிளெமென்ற் அப்படியே இருந்தான்.

"என்ன வேலை மேரி பாத்தனீர்? ஞாயிற்றுக்கிழமை எந்த முகத்தோடை கோயிலுக்குப் போறது?"

"என்னோடை வாங்கோ. பக்கத்திலை நானிருந்து பூசை காணுவன். பாக்கிறவை பாக்கட்டும்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு கோட்டைக் கழற்றினாள். "அந்தத் தெல்லியைப் பிழியுங்கோ, பாப்பம். ஈஸ்டருக்கு முதல்நாள், பெரிய சனியண்டைக்கு, சூப்பை வீட்டிலை வைச்சு, எனக்கு ருசி காட்டிப்போட்டுத்தான் கடைக்குக் கொண்டுபோறியள்."

அவன் மாவை உரலுக்குள் அடைத்து, சட்டிக்கு மேலே பிடித்து அழுத்தினான். தடித்த மஞ்சள் இழைகள் இறங்கின. விரல்நீளம் வந்ததும் கத்தியால் வெட்டி விட்டான். சூப்புக்குள் அமிழ்ந்துபோய், கொஞ்சத்தில் மேலே மிதந்து வந்தன. கண்ணகப்பையால் வாரி, ஒரு குழிக்கோப்பையில் போட்டு, மேலே சூடான சூப்பை ஊற்றி, சீஸைத் துருவித் தூவினான். இதற்குச் சோஸ் இல்லை, வேறு கறி இல்லை, சூப்போடுதான் கொடுப்பது என்றான். கோப்பையை அவளுக்கு முன்னால் வைத்தான்.

மாட்டிறைச்சிச் சூப். ஈஸ்டர் வரை தொடமாட்டேன் என்று மாதாவிடம் சொல்லி வைத்தது. மேரியம்மா சிலுவை போட்டுக்கொண்டு கரண்டியை வாயில் வைத்தாள். இழை பல்லில் மெத்தென்று உடைந்தது. தேசிக்காய் வந்தது, பின்னால் சாதிக்காய் வந்தது. கிளெமென்ற் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். அன்றைக்குக் குழம்போடு அவன் தொண்டையை அவள் பார்த்துக்கொண்டு நின்ற மாதிரியே.

"உப்புக் காணாது," என்றாள்.

மெய்தானோ என்று அவன் கேட்கவில்லை. யூலியா பக்கம் திரும்பவுமில்லை, தராசை எடுக்கவுமில்லை. உப்புக் கிண்ணத்துக்குள் கையை விட்டு, அள்ளி, சட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தான். இருபத்திரண்டு வருடத்தில் அவன் சொன்ன ஒரு சொல்லையாவது தான் இப்படி எடுத்ததுண்டா என்று மேரியம்மா தேடிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

"போடுங்கோ," என்றாள்.

அவன் போட்டான்.